எதிராளியின் காது கிழிய

ஜமைக்கா இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஆப்பிரிக்க முரசில் ஆரம்பித்து, அடிமைக் கப்பலில் ஏறி, ஆன்ம விடுதலையில் போய் இறங்குவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கிங்ஸ்டன் நகரத்துத் தெருவில் நின்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. சாராயக் கடைக்காரரும் இரும்புக் கடைக்காரரும் தொழில் போட்டியில் மல்லுக்கு நின்றார்கள். அடுத்த தெருக்காரன் கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு இசைக் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்கா, ரெகே, டப், டான்ஸ்ஹால் எல்லாம் அந்தக் கைகலப்பில் அவர்கள் மடியிலிருந்து தவறி விழுந்தவை.

1940களின் கடைசியில் நடனம் என்றால் பேண்டு வேண்டும். பேண்டில் பத்துப் பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் கூலி, ரம், ஆட்டுக்கறிக் குழம்பு. (அந்தக் குழம்பு 1845 முதல் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக, பேண்டுக்காரர்கள் பிழைப்பு கெட்டதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.) நடுராத்திரியில் சாப்பிட உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். ரெக்கார்ட் பிளேயர் சாப்பிடாது, குடிக்காது, முன்பணம் கேட்காது. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் டாம் வாங். இரும்புக் கடை வைத்திருந்தவர், சீன வம்சாவளி. 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' என்று சர்க்கஸ்காரன் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு சவுண்ட் சிஸ்டம் போட்டார்.

அவருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வானத்தில் எதிரி விமானம் எங்கே என்று தேடக் கற்ற மூளை, கிங்ஸ்டனில் பக்கத்துத் தெரு எதிரியின் சத்தத்தை அமுக்கப் பயன்பட்டது. ஆளுயர மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கர், சிவந்து எரியும் வால்வுகள், காதைத் தாண்டி நெஞ்சுக்கூட்டில் போய் இடிக்கும் பேஸ். அந்தப் பெட்டியின் முன் நின்றால் சட்டை காற்றடித்ததுபோல் அசையும். ஆனாலும் செபாஸ்டியன் அதிக நாள் ஆளவில்லை. போட்டிக்காரர்களின் ஆட்கள் கத்தியும் கல்லுமாக வர ஆரம்பித்ததும், மனிதர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வசதியான மேட்டுத்தெருவில் இருந்த சில்வர் ஸ்லிப்பர் கிளப்புக்குப் போய்விட்டார். இந்தக் கதையில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அப்படி அவரை விரட்டியவர்களில் முக்கியமானவர் டியூக் ரீட். பழைய போலீஸ்காரர். வேலையை விட்டபின் பாண்ட் தெருவில் 'ட்ரெஷர் ஐல்' என்று மதுக்கடை வைத்தார். மனைவிக்கு லாட்டரி விழுந்த பணம் என்பார்கள். மதுக்கடைக்காரருக்கு சவுண்ட் சிஸ்டம் இருந்தால் விளம்பரச் செலவு மிச்சம். ஆடினால் தாகம் எடுக்கும். டியூக் தலையில் கிரீடம், இடுப்பில் இரண்டு துப்பாக்கி, மார்பில் குறுக்காகத் தோட்டா வார் என்ற அலங்காரத்தில் நடன மைதானத்துக்கு வருவார். சமயத்தில் அடியாட்கள் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிற்பாடு கடை மாடியிலேயே ரெக்கார்டிங் ஸ்டூடியோ கட்டியபோதும் துப்பாக்கியைக் கழற்றவில்லை. அங்கே வாசித்தவர்கள் சுருதி பிசகாமல் வாசித்ததில் ஆச்சரியம் இல்லை.

பட்டங்களையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்கா அப்போது இன்னும் பிரிட்டிஷ் காலனி. லண்டனில் ராணி வருடத்துக்கு நாலு பேருக்குச் சிக்கனமாகப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். கிங்ஸ்டன்காரர்கள் காத்திருக்கவில்லை. டியூக், கவுண்ட், லார்ட், பிரின்ஸ், கிங் என்று அவரவர் கைக்கெட்டியதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கிளமென்ட் டாட் என்ற இன்னொரு சவுண்ட் சிஸ்டக்காரர் 'சர்' எடுத்துக்கொண்டார். சர் காக்சன். காக்சன் என்பது பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடும்போது ஒட்டிக்கொண்ட பெயர். அசல் ஆளான அலெக் காக்சன் யார்க்‌ஷயர் பந்துவீச்சாளர், 1948இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர். அந்த ஒரு டெஸ்ட் ஆளின் பெயர் இங்கிலாந்தில் மறந்துபோயிருக்கலாம். கரீபியன் கடலில் அழியாது.

டியூக்கும் காக்சனும் மோதியது ரகசியத்தில். இருவருமே அமெரிக்க இசைத்தட்டுகளைத்தான் ஓட்டினார்கள். யாரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருந்தால் கூட்டம் தன் பக்கம். ஆகவே அமெரிக்காவிலிருந்து தட்டு வந்ததும் முதல் வேலை, நடுவில் இருக்கும் லேபிளைச் சுரண்டி எறிவது. பாடியது யார், பாட்டின் பெயர் என்ன, எந்தக் கம்பெனி என்று எவனுக்கும் தெரியக் கூடாது. காக்சனிடம் அப்படி ஒரு சாக்ஸபோன் தட்டு இருந்தது. 'காக்சன் ஹாப்' என்று சொந்தப் பெயரையே வைத்து, அதைப் போட்டுப் போட்டே எதிரிகளை வருடக்கணக்கில் ஓட விட்டார். உண்மையில் அது வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்கர் 1950இல் வாசித்தது. ஒருநாள் டியூக் ரீட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஜூபிலி டைல் கார்டன்ஸில் நடனம். காக்சன் பாரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறார். டியூக்கின் பெட்டியிலிருந்து தன் பெயர் கொண்ட தன் சொந்தப் பாட்டு வருகிறது. காக்சன் அப்படியே மயங்கிச் சரிந்தார். இதற்குச் சாட்சி பிரின்ஸ் பஸ்டர். அவர் அப்போது காக்சனின் ஆள். பிற்பாடு காக்சனுக்கு எதிராகக் கடை போட்டவர். சாட்சியத்தை அந்த அளவுக்குச் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கதை பொய்யாக இருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

1950களின் முடிவில் அமெரிக்கர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கிங்ஸ்டன்காரர்களுக்குப் பிடித்த பழைய ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகள் வருவது குறைந்தது. சுரண்டுவதற்கு லேபிளே இல்லை. வேறு வழியில்லாமல் உள்ளூர்ப் பாடகர்களைக் கூட்டி வந்து தாங்களே பதிவுசெய்தார்கள். விற்பதற்கு அல்ல, சனிக்கிழமை ராத்திரி எதிரியை அடிக்க ஒரே ஒரு பிரதி. ஜனங்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கடை வாசலில் வந்து நின்றபோதுதான் இதை விற்கலாம் என்றே காக்சனுக்கு உறைத்தது. ஒரு நாட்டின் இசைத்தட்டுத் தொழில் இப்படித்தான் ஆரம்பித்தது. தாளத்தின் அழுத்தத்தை எதிர்த்தட்டில் போட்டு உள்ளூர்க்காரர்கள் வாசித்தது ஸ்கா ஆயிற்று. 1962 ஆகஸ்ட் 6 சுதந்திர தினத்துக்குள் தேசத்துக்குச் சொந்தமாக ஒரு இசையும் தயார்.

தேசம் புதிது, வாய்ச்சண்டை பழையது. பாடகர் டெரிக் மோர்கன் பிரின்ஸ் பஸ்டரை விட்டு லெஸ்லி காங் என்ற சீன வம்சாவளிக்காரரிடம் போனார். காங் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர். சிறுவன் ஜிம்மி கிளிஃப் கடையின் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக் காட்டி அவரைத் தயாரிப்பாளர் ஆக்கியிருந்தான். பஸ்டர் மோர்கனைத் திட்டி ஒரு பாட்டு போட்டார். மோர்கன் பதிலுக்குத் திட்டினார். ரசிகர்கள் தெருவில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அரசாங்கமே தலையிட்டு இருவரையும் சேர்ந்து நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வேண்டியதாயிற்று. லீ பெர்ரி இதைத் தொழில்முறையாகவே செய்தார்: காக்சனிடம் வேலை பார்த்தார், விலகினார், திட்டிப் பாடினார், ஜோ கிப்ஸிடம் சேர்ந்தார், விலகினார், 1968இல் அவரையும் திட்டிப் பாடினார். இரண்டாவது வசவுப் பாட்டில் ஒரு குழந்தை அழுகிற சத்தத்தையும் சேர்த்திருந்தார். ரெகே என்ற புதுத் தாளத்தின் முதல் அடையாளங்களில் ஒன்றாக அந்தப் பாட்டைப் பண்டிதர்கள் காட்டுகிறார்கள். சம்பளத் தகராறு என்று யாரும் எழுதுவதில்லை.

அடுத்த புரட்சிக்கு வீம்புகூடத் தேவைப்படவில்லை, மறதி போதுமாக இருந்தது. 1960களின் பிற்பாதி. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட், டியூக் ரீடின் ஸ்டூடியோவில் பாரகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றுக்குத் தனிப் பிரதி வெட்டச் சொன்னார். எஞ்சினியர் பைரன் ஸ்மித் குரல் வரும் டிராக்கைத் திறக்க மறந்துவிட்டார். வெறும் தாளமும் பேஸும் மட்டும் தட்டில் ஏறின. வேறு ஊராக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். ரெட்வுட் ராத்திரி மைதானத்தில் முதலில் குரலோடு இருக்கும் தட்டைப் போட்டார்; அடுத்து ஊமைத் தட்டைப் போட்டார். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ஆளில்லை. கூட்டம் முழுக்க அந்த இடத்தில் நுழைந்து பாட ஆரம்பித்தது. திரும்பப் போடு, திரும்பப் போடு என்று ஒரே கூச்சல்.

அன்றிலிருந்து தட்டுகளின் பின்பக்கத்தில் ஊமைப் பிரதி வர ஆரம்பித்தது. ரேடியோவும் டிரான்ஸ்ஃபார்மரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி அதை எடுத்து, எதிரொலி விட்டு, பேஸைத் தூக்கி, மிச்சத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தது டப். அவருடைய சிஸ்டத்தில் மைக் பிடித்த யூ-ராய் காலியிடத்தில் பேச ஆரம்பித்தார். 1970இல் அவர் பேசிய மூன்று தட்டுகள் ஜமைக்கா ரேடியோ வரிசையில் முதல் மூன்று இடத்தையும் பிடித்துக்கொண்டன. ஒழுங்காகச் சங்கீதம் பயின்ற பாடகர்களெல்லாம் நாலாவது இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபோன கிளைவ் கேம்பல் என்ற பையன், 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கை வைத்த விருந்தில் இதே பாணியில் பெரிய ஸ்பீக்கர் கட்டித் தட்டு ஓட்டினான். கூல் ஹெர்க் என்று பெயர். ஹிப்ஹாப் அங்கிருந்து கிளம்பியது.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1985. நோயல் டேவி என்ற இளைஞருக்கு யமஹா டிஎக்ஸ்7 வாங்க ஆசை. அதற்குக் காசில்லை. கிடைத்தது கேசியோ எம்டி-40, வீட்டில் குழந்தைகள் தட்டி விளையாடும் ரகக் கீபோர்டு. அதற்குள் பொத்தானை அமுக்கினால் தானாக ஓடும் தாளங்கள் சில இருந்தன. 'ராக்' என்று எழுதியிருந்ததை அமுக்கியதும் ஒரு பேஸ் ஓட ஆரம்பித்தது. டேவியும் பாடகர் வேய்ன் ஸ்மித்தும் அதைத் தூக்கிக்கொண்டு ஜாமியிடம் போனார்கள். டப்பியிடம் தொழில் கற்றவர் ஜாமி. தாளத்தின் வேகத்தைக் குறைத்தார், மேலே கொஞ்சம் மசாலா தூவினார், முடிந்தது வேலை. பேஸ் வாசிக்க ஆளில்லை, டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. 1985 பிப்ரவரி 23, வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்பியோ சிஸ்டத்தோடு மோதல். ஜாமி அந்தத் தாளத்தின் மேல் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்'கை இறக்கினார். எதிராளிக்கு அதற்கு மேல் வீட்டுக்குப் போவதைத் தவிர வேலை இருக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் அதே தாளத்தின் மேல் ஆளாளுக்குப் பாடி வைத்தார்கள். பிரதிகள் நூற்றுக்கணக்கில் போயின. காலங்காலமாக ஸ்டூடியோ வாசலில் காத்திருந்து வாசித்த கலைஞர்கள் வேலையில்லாமல் திரிந்தார்கள்.

அந்த 'ராக்' தாளத்தைக் கேசியோவில் உட்கார்ந்து அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். இசைக் கல்லூரி முடித்து நேராகக் கம்பெனிக்கு வந்தவர். கல்லூரியில் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள்: ரெகே. ஜப்பானில் ஒரு பெண் ரெகேவைப் படித்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் ராக் என்று எழுதி ஒளித்துவைத்ததை, கிங்ஸ்டன்காரர்கள் பொத்தானை அமுக்கிக் கண்டெடுத்திருக்கிறார்கள். இதை நாவலாக எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்புவார்.

காப்புரிமை கேட்டுக் கேசியோ யாரையும் துரத்தவில்லை. துரத்தினாலும் ஜமைக்காவில் யாருக்கும் புரிந்திருக்காது. அங்கே தாளம் என்பது பொதுக் கிணறு. யார் வேண்டுமானாலும் வாளி விடலாம். புதிய காப்புரிமைச் சட்டம் வந்ததே 1993இல்தான். 2002இல் லென்கி மார்ஸ்டன் கைத்தட்டலை வைத்து ஒரு தாளம் செய்து 'தீவாளி' என்று பெயர் சூட்டினார். ஷான் பாலும் வேய்ன் வொண்டரும் இன்னும் பலரும் அதன்மேல் தனித்தனியாகப் பாடி, தனித்தனியாக உலகச் சந்தையில் ஓட்டினார்கள். பொதுக் கிணறு எல்லோருக்கும் இனிக்கவில்லை என்பதற்குச் சிஸ்டர் நான்சி சாட்சி. 1982இல் பழைய தாளம் ஒன்றின் மேல் அவர் பாடிய 'பாம் பாம்' சினிமாவில் வந்தது, ஊரெல்லாம் ஒலித்தது. நான்சி அமெரிக்கா போய் நியூ ஜெர்ஸியில் வங்கி வேலை பார்த்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு ஷூ விளம்பரத்தில் தன் குரலைக் கேட்ட பிறகுதான் வக்கீலைத் தேடிப் போனார். அதற்கப்புறம்தான் காசு வந்தது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மோதல் மட்டும் ஓயவில்லை. புகழ்பெற்ற பாடகருக்குக் காசு கொடுத்து, அவருடைய வெற்றிப் பாட்டையே தன் சிஸ்டத்தின் பெயரைச் சேர்த்து, எதிராளியைப் பிணமாக்கிப் பாடச் சொல்லி வாங்கும் தனித் தட்டுக்கு டப்பிளேட் என்று பெயர். அந்த நாளில் அது அலுமினியத்தின் மேல் மெழுகுபோல் மெத்தென்ற பூச்சு. கொஞ்ச நாள் ஓட்டினால் தேய்ந்துவிடும். தேய்வதற்குள் யாரையாவது கொன்றாக வேண்டும். 1999இல் நியூயார்க்கில் நடந்த உலக மோதலில் ஜமைக்காவின் ஜாம்பவான்கள் கூடியிருக்க, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது மைட்டி கிரவுன். யோகோஹாமாக்காரர்கள். கீபோர்டு கொடுத்த நாடு வட்டியும் வாங்கிக்கொண்டது.

2020 மே மாதம். ஊரடங்கு. டான்ஸ்ஹால் பாடகர்களான பீனி மேனும் பவுண்டி கில்லரும் 1993 முதல் ஒருவரையொருவர் மேடையில் கிழித்துக்கொண்டிருந்தவர்கள். இன்ஸ்டாகிராம் நேரலையில் மோத வேண்டும். அதுவரை இப்படி நேரலையில் மோதியவர்கள் அவரவர் இடத்திலிருந்துதான் மோதினார்கள். இவர்கள் இருவரும் கிங்ஸ்டனில் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தூரத்தில் நின்றால் திட்டுகிறவன் முகம் தெரியாதே. ஏறத்தாழ 5 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போலீஸ் உள்ளே வந்துவிட்டது. உலகமே பார்க்கிறது, இதை நிறுத்திய ஆள் என்ற பெயர் உனக்கு வேண்டுமா என்கிற பொருளில் பீனி மேன் கேட்டார். போலீஸ்காரர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பாட்டு போட்டார்கள்.