விடுபாட்டியல்

பாயிரம்

தமிழில் பாட்டியல் நூல்களுக்குப் பஞ்சமில்லை. பன்னிரு பாட்டியல் உண்டு, வெண்பாப் பாட்டியல் உண்டு, நவநீதப் பாட்டியல் உண்டு. எந்தப் பிரபந்தத்தை யார்மேல் எப்படிப் பாடுவது என்றெல்லாம் அவை விலாவாரியாகச் சொல்லும். ஆனால் பாடி, ஒலிப்பதிவும் செய்து, படத்திலும் வைத்துவிட்டு, கேசட்டில் மட்டும் போடாமல் விட்ட பாட்டை என்ன செய்வது என்று அவற்றில் ஒரு நூற்பாகூட இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த விடுபாட்டியல்.

சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டில் சிலவற்றையாவது சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: நாற்பது ஆண்டுகளாகக் கேசட் சேர்ப்பவன். எல்லை: வடக்கே அம்பத்தூர், தெற்கே வானகரம், மேற்கே திருவேற்காடு, கிழக்கே முகப்பேர், நடுவில் அயனம்பாக்கம். நுதலிய பொருள்: விடுபட்ட பாட்டு. கேட்போர்: வீட்டில் யாரும் இல்லை. பயன்: இதுவரை ஒன்றுமில்லை.

1. களமும் மூலப் பிரதிகளும்

ஆய்வுக்குரிய பிரதிகள் அயனம்பாக்கம் ஏரிக்கு அருகே ஒரு வீட்டில், இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் உள்ளன. ஏரிக்காற்று ஆளுக்கு நல்லது, டேப்புக்கு ஆகாது. ஐப்பசி பிறந்தால் போதும், டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். ஓலைச்சுவடிக்குக் கறையான் எப்படியோ கேசட்டுக்குப் பூஞ்சை அப்படி. 2015 டிசம்பர் மழையில் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறியபோது, ஆய்வாளன் முதலில் மேலே தூக்கி வைத்தது ரேஷன் அரிசியையா கேசட் பெட்டியையா என்பதில் குடும்பத்துக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

"ஏங்க, இதையெல்லாம் எடைக்குப் போட்டா என்ன?" என்பது என் மனைவி ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் எழுப்பும் ஆய்வு வினா. "முழுசாவும் இல்லேங்கறீங்க, போட்டாலும் பாட மாட்டேங்குது." இதற்கு விடை சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

2. விடுபாட்டின் வகை

உள்ளது விடுதலும் இல்லது சேர்த்தலும்
பாதியில் அறுத்தலும் படமே இன்மையும்
பாட்டே இன்மையும் எனவிடு பாட்டின்
வகையைந் தென்ப கேசட் டுணர்ந்தோரே.

இதன் உரை வருமாறு.

உள்ளது விடுதலாவது, படத்தில் இருப்பது கேசட்டில் இல்லாமை. தோன்றா எழுவாய் போல இது தோன்றாப் பாட்டு. 'மௌன ராகம்' (1986) படத்துக்கு ஐந்து பாட்டுகள். ஐந்தும் அருமை, ஐந்தும் என்னிடம் உண்டு. ஆனால் கார்த்திக் வரும் அந்தச் சில காட்சிகளில் இளையராஜா ஓடவிட்ட பின்னணி இசை அந்த ஐந்தில் இல்லை. பிற்காலத்தில் ஊரில் பாதிப் பேரின் செல்போனில் ரிங்டோனாக அடித்தது அதுதான்.

இல்லது சேர்த்தலாவது, கேசட்டில் இருப்பது படத்தில் இல்லாமை. 'தளபதி' (1991) கேசட்டில் ஜேசுதாஸும் ஜானகியும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு உண்டு. மனப்பாடமாகும்வரை கேட்டுவிட்டுப் படத்துக்குப் போனவர்கள், இடைவேளைக்குப் பிறகாவது வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ரீல் மாற்றும்போது ஆபரேட்டர் கைவரிசையைக் காட்டிவிட்டார் என்று அவர்மேல் பழி போட்டுக்கொண்டே வெளியே வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்த ஆபரேட்டரிடம் இக்கட்டுரை மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பாதியில் அறுத்தலுக்கு ஈறுகெட்ட பாட்டு என்றும் பெயர். பள்ளியில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தைக் கண்டு அஞ்சியவர்கள் இதைக் கண்டால் அழுதுவிடுவார்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டும் கொடுத்துவிட்டு வருவேன். ஏழாவது பாட்டு முடிந்தும் டேப்பில் ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்கும். "டேப்பு வீணாப் போகுதே தம்பி" என்ற நல்லெண்ணத்தில் கடைக்கார அண்ணன் எட்டாவதாக ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார். பல்லவி முடிந்து, அனுபல்லவி எழும்பும் நேரத்தில் 'டக்'. அந்தப் பாட்டுகளின் சரணம் எனக்கு இன்றும் தெரியாது. அந்த 'டக்'கைத் தாளத்தோடு சொல்லுவேன்.

படமே இன்மையாவது, பாட்டு வந்து படம் வராமை. அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை இருப்பதுபோல் இது இல்பொருள் திரை. 'மணிப்பூர் மாமியார்' இதற்குத் தலையாய சான்று. இளையராஜாவின் பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. மாமியார் கடைசிவரை வரவில்லை. மாமியார் வராத வீட்டில் இவ்வளவு இனிமை இருந்ததில் வியப்பில்லை என்கிறார் தேநீர்க்கடைத் தகவலாளர் ஒருவர். ஆய்வாளன் இதில் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

பாட்டே இன்மைக்கு 'அந்த நாள்' (1954) முதற்சான்று. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம் அது. இயக்கியவர் யாரென்றால் வீணை எஸ். பாலச்சந்தர். கையில் வீணையை வைத்துக்கொண்டே பாட்டை விட்டவர் என்பதால் விடுபாட்டியலின் ஆதிகுரு அவரே. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்னும் நுட்பமானது. அதன் பின்னணியில் ஒலிப்பது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). அதாவது கேசட் முதலில் வந்தது, படம் இரண்டு ஆண்டு கழித்து வந்து அதில் குடியேறியது. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்திலும் பாட்டு இல்லை. ஆனால் பின்னணி இசையையே ஆல்பமாக வெளியிட்டார்கள். அதற்கு இருபத்தேழு ஆண்டுக்கு முன் 'மௌன ராக'த்துக்கு நான் கேட்டது, கேட்காத ஒரு படத்துக்குக் கிடைத்தது.

புறனடை: மேற்கண்ட ஐந்திலும் அடங்காதவையும் உள. 'ஹே ராம்' (2000) படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல். சுப்ரமணியம். பாட்டுகளைப் படமும் பிடித்துவிட்டார்கள். பிறகு இளையராஜா வந்து, ஏற்கெனவே எடுத்த காட்சிகளின் உதட்டசைவுக்கும் நடைக்கும் பொருந்தப் புதிதாக இசையமைத்தார். கடையில் நாம் வாங்கியது இரண்டாவது பாடம். 'ஆட்டோ ராஜா' (1982) வேறு சிக்கல். இசை சங்கர் கணேஷ். ஒரே ஒரு பாட்டு மட்டும் இளையராஜா. கேசட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று தெரியாமல் இரண்டு வரிசைக்கும் நடுவில் குறுக்காக வைத்திருக்கிறேன்.

3. விடுபாட்டின் காரணம்

பலரும் கம்பெனிக்காரர்களைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஆய்வு ஆகாது. முதற்காரணம் பாத்திரத்தின் அளவு. 78 ஆர்.பி.எம். தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். பாட்டு நீளமானால் பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். சின்ன ஈ.பி. தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு ஏறினால், படத்தின் ஐந்தாவது பாட்டு வாசலில் நிற்கும். எல்.பி.யில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது. நாழி முகவாது நானாழி என்பது இசைத்தட்டுக்கும் பொருந்தும்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது ஆண்டு ஆனது. பாட்டு, படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். கேசட், படம் வருமுன்பே கடைக்கு வந்துவிடும். பின்னணி இசையோ படம் எடுத்து வெட்டி ஒட்டி முடித்தபிறகு, ரிலீசுக்கு ஆள் பறக்கும் நேரத்தில், ரீல் ரீலாகத் திரையில் ஓடவிட்டு ரீ-ரெக்கார்டிங்கில் பிறப்பது. நான் கடைக்காரரிடம் "அந்த மியூசிக் ஏன் இதுல இல்லை?" என்று சண்டை போட்ட கேசட், அந்த இசை பிறக்குமுன்பே அச்சாகிவிட்டது. பிள்ளை பிறக்குமுன் எடுத்த குடும்பப் படத்தில் பிள்ளையைத் தேடியிருக்கிறேன்.

இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. அந்நாளில் பின்னணி இசை கடையில் கிடைத்த ஒரே வடிவம் கதை-வசன கேசட்தான். 'திருவிளையாடல்' (1965) வசனம் கோவில் திருவிழாக்களில் குழாயில் முழங்கியது. 'விதி' (1984) நீதிமன்றக் காட்சி தேநீர்க்கடைதோறும் ஓடியது. ஊரார் வசனத்துக்காகக் கேட்டார்கள். அந்த வசனங்களின் இடைவெளியில் வயலின் எட்டிப் பார்க்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்ட சிறுபான்மையினரும் இருந்தோம்.

4. பாடபேதம்

'மௌன ராக'ப் பின்னணி இசைக்கு என்னிடம் மூன்று பிரதிகள் உள்ளன. முதற்பிரதி: ஒரு ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் ஓடியபோது, டி.வி. முன்னால் டூ-இன்-ஒன் வைத்துப் பதிந்தது. வீட்டில் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு. குக்கருக்குப் போட முடியவில்லை. இசை உயர்ந்து வரும் இடத்தில் குக்கர் இரண்டு விசில் அடிக்கிறது. "டேய், அடுப்பை அணைடா" என்று அம்மாவின் குரல். இரண்டாம் பிரதி, பக்கத்து வீட்டு வி.சி.ஆரிலிருந்து பதிந்தது, விசில் இல்லை, நடுவில் ஓர் அழைப்புமணி. மூன்றாம் பிரதியை என் மகன் சென்ற ஆண்டு கொண்டுவந்தான். யாரோ ஓர் இளைஞர் கீபோர்டில் அப்படியே வாசித்திருந்தார். வசனம் இல்லை, இரைச்சல் இல்லை.

"இப்பவாவது திருப்தியாப்பா?" என்றான்.

கண்ணை மூடிக் கேட்டேன். இசை உயர்ந்தது. உரிய இடம் வந்தது. விசில் வரவில்லை. மூன்றாம் பிரதியிலும் விடுபாடு உண்டு என்று குறிப்பேட்டில் பதிந்துகொண்டேன்.

5. மேலைச் சான்று

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் படத்துக்கு வாசித்ததை ஆல்பத்தில் போட்டால் வாத்தியக்காரர் சங்கத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. அதனால் இரண்டு மணி நேரப் படத்துக்கும் அரைமணி நேரத் தட்டே வந்தது. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஸ்டான்லி குப்ரிக் முழுவதுமாகத் தூக்கிவிட்டார். நார்த் இறந்தபின், 1993இல்தான் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அதை மறுபடி வாசிக்கச் செய்து தட்டாக்கினார். இருபத்தைந்து ஆண்டுதானே? அயனம்பாக்கத்தில் அதைவிட அதிகம் காத்திருக்கிறோம்.

6. முடிபு

குறைப்பிரதியோடு வாழ்வது தமிழனுக்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் இல்லை, கடைசிப் பத்தும் இல்லை. குண்டலகேசியில் மிஞ்சியது பத்தொன்பது பாட்டு. 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று தொலைந்தவற்றுக்கென்றே மயிலை சீனி. வேங்கடசாமி ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). அதில் ஐம்பது பாட்டாம். இன்று படச்சுருளும் இல்லை, ஓர் இசைத்தட்டும் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சுவடி தேடி 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. 266க்கு அடுத்து 269 வருகிறது. எண்ணை மாற்றி அடுக்கி ஓட்டையை யாரும் மறைக்கவில்லை. இரண்டு பாட்டு இங்கே இருந்தது என்று அந்த வெற்றிடமே சொல்கிறது. கேசட் அட்டையோ ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று வரிசையாக எண் போட்டு, ஒன்றும் குறையாததுபோல் சிரிக்கிறது. எனக்குப் பாட்டு இல்லாததைவிட இந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்துக்கு இருந்த நேர்மை அட்டைக்கு இல்லை. மட்டமான காகிதம், எழுத்துப் பிழை மலிந்த அச்சு. இருந்தாலும் கதைச் சுருக்கத்தை ஓரிடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று சொல்லிவிடும்.

ஆகவே ஆடியோ கம்பெனிகளுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: விட்ட பாட்டைத் தேடித் தர வேண்டாம், அது உங்களால் ஆகாது. கணினியில் வெளியிட்டாலும் காகிதத்தில் வெளியிட்டாலும், பட்டியலின் அடியில் விட்டவற்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். பக்கத்தில் "கிடைக்கவில்லை" என்றோ "மீதியை வெள்ளித்திரையில் கேட்க" என்றோ ஒரு வரி போடுங்கள். நான் என் பங்குக்குத் தொடங்கிவிட்டேன். பீரோவில் உள்ள 'மௌன ராகம்' அட்டையில் ஐந்தாம் பாட்டுக்குக் கீழே, நீல மையில், "6. பின்னணி இசை: முதற்பிரதியில் காண்க. குக்கர் விசில் உண்டு."