பேசாதவளுக்குக் கிடைச்ச பேரு

ஏலே மருமவனே, சினிமாவுக்கு விமர்சனம் எழுதப் போறியாமே! எழுது, எழுது. ஊருல வேலை இல்லாதவன் குறைஞ்சா போயிட்டான்? அதுக்கு முன்னால வுடி ஆலன் 1999-ல எடுத்த 'ஸ்வீட் அண்ட் லோடவுன்' படத்தைப் பாத்துட்டு, அமெரிக்காவுல அதைப் பத்தி எழுதுனவங்க என்ன சொன்னாங்கன்னும் படி.

1930-கள்ல நடக்குற கதை. எம்மெட் ரேன்னு ஒரு ஜாஸ் கிதார்க்காரன். கையில வித்தை, மத்ததெல்லாம் வில்லங்கம். குடி, சூதாட்டம், பொம்பளைங்களை வச்சுத் தொழில். பொழுது போகலைன்னா குப்பைமேட்டுல எலி சுடுவான். மேடைக்கு செஞ்சு வச்ச நிலாவுல உக்காந்து மேலேருந்து இறங்கணும்னு ஆசை வேற. ஆடி ஆடி இறங்குற அந்தக் கூத்தைப் பாரு, வயிறு வலிக்கும். தனக்கு மேல ஒரே ஒருத்தன், பிரான்ஸுல இருக்குற ஜாங்கோ ரைன்ஹார்ட்னு மட்டும் ஒத்துக்குவான். ஜாங்கோ நெசமான ஆளு. 1928-ல வண்டி தீப்பிடிச்சு இடதுகையில ரெண்டு விரல் முடங்கியும் உலகத்தையே கேக்க வச்சவரு.

எம்மெட் ரே முழுப் புளுகு. ஆனா நடுநடுவுல நாட் ஹென்டாஃப்ங்கிற நெசமான ஜாஸ் எழுத்தாளரே வந்து அவன் கதையைச் சொல்லுதாரு. நீ பாட்டுக்கு நம்பி, 'அந்த மேதையோட பழைய இசைத்தட்டு எங்கிட்ட இருக்கு'ன்னு எழுதித் தொலைச்சிராதலே. கிதார் வாசிச்சது ஹோவர்டு ஆல்டன். விரலை ஓட்டிக் காட்டினது எம்மெட்டா நடிச்ச ஷான் பென்.

விமர்சகருங்க படத்தைப் புகழத்தான் செஞ்சாங்க. ஒப்பிடுறதுக்கு இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியோட 'லா ஸ்ட்ராடா' படத்தை இழுக்காம விட்டவன் கொஞ்சம். நீயும் இழுத்துக்கோ, படிச்சவன்னு நினைப்பாங்க. வசூல் என்னவோ சுமார்தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? எம்மெட் படம் பூரா தன் பெருமையையே பேசுதான். அவனைக் காதலிக்கிற சலவைக்காரப் பொண்ணு ஹாட்டியா வந்த சமந்தா மார்ட்டன் ஒரு வார்த்தை பேசலை. அவளுக்கு வாயே பேச வராது. சாப்பிடுறப்போ அவ கண்ணைப் பாரு, போதும். பெரிய பெரிய விமர்சகனெல்லாம் அவகிட்டதான் விழுந்தான். கடைசியில ஆஸ்கர் பரிந்துரை பேசினவனுக்கும் ஒண்ணு, பேசாதவளுக்கும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் பரிசு கிடைக்கலைங்கிறது வேற விசயம்.

அதனால, ஒரு பக்கத்தோட நிறுத்திக்கோ மருமவனே. மிச்சத் தாளை இங்க கொண்டா, பால் கணக்கு எழுதணும்.