பஞ்சாங்கம் பார்த்து ஓடிய சர்வர்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதை பல வருஷமாகப் பேச்சில்தான் ஓடுகிறது. ஆகவே எங்களுக்கு எழும்பூர், சென்ட்ரல், மீனம்பாக்கம் எல்லாமே பஸ் ஸ்டாண்டுதான். அங்கே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பஸ் எப்போது வர வேண்டும் என்பதை டைம் கீப்பர் சொல்வார். எப்போது வரும் என்பதை டீக்கடை அண்ணன் சொல்வார். நான் அண்ணனை நம்பி பஸ் நேரம் சொல்லும் இணையதளம் ஒன்றைத் தொடங்கினேன்.

சாதாரண நாளில் ஈயாடும் தளம், பௌர்ணமி வந்தால் படுத்துவிடும். சென்னையிலிருந்து கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தானே போகும்? எழுப்பி உட்கார வைத்தால் அமாவாசை வந்துவிடும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அன்று ராத்திரி ஊஞ்சல் உற்சவம்.

சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான். "சார், பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை உங்க டிராஃபிக் ஏன் எகிறுது?"

"திதி" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

தளத்தின் விளம்பரக் கணக்கில் 10 டாலர் சேர்ந்தால், முகவரியைச் சரிபார்க்க கூகுள் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். இந்த இரண்டாவது விதி அப்பாவுக்குத் தெரியாது. "டேய், கூகுள்லேர்ந்து லெட்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில், நான் குளித்து முடிப்பதற்குள் எனக்கு வேலை கிடைத்த செய்தி தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஜாதகங்கள்கூட வந்தன. விஷயம் தெரிந்ததும் எல்லாம் திரும்பிப் போயின; ஒரு பெண்ணின் தாய்மாமன் மட்டும், "பத்து டாலர் மாசாமாசமா?" என்று விசாரித்தார்.

அப்பாவைத் தேற்ற ரெட்பஸ் கதையைச் சொன்னேன். ஃபணீந்திர சாமா 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் அலைந்தார். 2006-ல் நண்பர்களோடு அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2013-ல் ஐபிபோ குழுமம் பல நூறு கோடி கொடுத்து அதை வாங்கியது.

"அவருக்கு பஸ் கிடைக்கல, ஆரம்பிச்சார். உனக்குத்தான் கிடைக்குதே, ஏறி வேலைக்குப் போயேன்" என்றார் அப்பா.

என் தளத்துக்கும் சென்னையிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று கோட்டையே கைமாறிக்கொண்டிருந்த ஊரில் இது பெரிய விஷயமில்லை. 1698-ல் கோட்டையைப் பிடித்த ஜுல்ஃபிகர் கான் அதற்கு முன் ஏழு வருஷத்துக்கும் மேல் முற்றுகை போட்டார். வந்தவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்றாலும் கேள்விகள் அதிகம். "டேட்டா எங்கேர்ந்து வருது?" என்றார். அழைத்துப்போய்க் காட்டினேன்.

"இவரும் விலையில சேர்த்தியா?"

"எத்தனை டீ?" என்றார் அண்ணன்.

ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்குகிற தொகைக்குப் பேரம் படிந்தது. ஸ்ப்ளெண்டரே வாங்கிவிட்டேன், பஸ் நேரம் எனக்கெதற்கு?

புது முதலாளி தளத்தைச் செயலியாக்கினார். பெயர், செல் நம்பர், ஓடிபி எல்லாம் கொடுத்து முடிப்பதற்குள் பஸ் வல்லத்தைத் தாண்டிவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு வெளியூர்க்காரர்கள் வரத்து கூடியது. அண்ணன் கடை வாசலில் சிலேட்டு ஒன்றை மாட்டி, பஸ் நேரத்தைச் சாக்பீஸில் எழுதிவைத்தார். ஆளாளுக்கு அதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

போன வாரம் சென்னைக்காரர் கூப்பிட்டார். "அந்த சிலேட்டை அவர் விப்பாரா?"