கை ஒடியவில்லை, அத்தான்

நார்விச்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

இதைப் படித்ததும் முதல் வேலையாக அக்காவிடம் சொல்லிவிடுங்கள்: எனக்குக் கை ஒடியவில்லை, தோள்பட்டை இறங்கவில்லை, ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. மல்லிகா வாட்ஸப்பில் போட்ட படத்தில் என் தோளிலிருந்து கறுப்பாகத் தொங்குவது கைக்கட்டு இல்லை, சைக்கிள் டியூப். அதுவும் உங்கள் கடை டியூப். போன தடவை ஊறுகாய் பாட்டில் ஒழுகாமல் இருக்க வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுத்தீர்களே, அதுதான். ஊறுகாய் தீர்ந்துவிட்டது, டியூப் நிற்கிறது.

அதற்குள் அக்கா இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கை செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாளாமே. வெள்ளி விற்கிற விலையில் இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? நேர்ந்ததை மாற்றக் கூடாது என்பாள். சரி, போடட்டும். கைதான் ஒடியவில்லையே தவிர, வலி நிஜம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படத்தில் என் கையில் இருப்பது புல் வெட்டுகிற மெஷின் இல்லை, மெட்டல் டிடெக்டர். மதுரை மீனாட்சி கோயில் வாசலில் போலீஸ்காரர் நம்மைத் தடவிப் பார்க்கிற சாமான்தான். இதற்குக் கம்பு நீளம், தடவுவது மண்ணை. கம்பின் கீழ்முனையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம், அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். கீழே காசோ ஆணியோ கிடந்தால் அது பதிலுக்குத் தானும் ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். மெஷின் அதைப் பிடித்து என் காதில் "டிங்" என்னும். மண் நல்ல மண்ணாக இருந்தால் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கிற காசு வரைக்கும் கேட்கும்.

இந்த ஊரில் இது பெரிய பொழுதுபோக்கு. அறுப்பு முடிந்து அடுத்த விதைப்பு வரும்வரை, விவசாயியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரிட்டையர் ஆன பெரியவர்கள் வயலில் மெஷினை ஆட்டிக்கொண்டு நடப்பார்கள். வாரம் பூரா உறைபட்டாணி ஃபேக்டரியில் மைனஸ் 20-ல் கன்வேயரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வானத்தைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா? சும்மா நடந்தால் மல்லிகா மளிகை லிஸ்ட்டைக் கையில் கொடுத்துவிடுவாள்.

மெஷின் ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இதுவா பாரம் என்று சிரித்தேன். வயலில் வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று மதியம் வரைக்கும் வீசிய பிறகு தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி சோற்றுக் கையைத் தூக்க முடியாமல் மல்லிகாவிடம் ஸ்பூன் கேட்டேன். இருபது வருஷமாக இங்கிலாந்து சொல்லிக் கொடுக்க முடியாத பழக்கம் அது.

ஃபேக்டரியில் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்குவதற்கு முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி எப்படித் தூக்குவது என்று வகுப்பே எடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் கையெழுத்து வேறு. நம் மார்க்கெட் லோடுமேன் அண்ணாச்சிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் தலையில் மூட்டையோடேயே கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஆனால் என் தோளை நானே கெடுத்துக்கொள்வதற்கு மட்டும் எந்த வகுப்பும் இல்லை. ஆகவே ரிப்பேர் வேலையில் இறங்கினேன். உங்களிடம் பஞ்சர் ஒட்டப் பழகிய கை சும்மா இருக்குமா?

முதலில் முழங்கை. கம்பின் மேல்முனையில் முழங்கையை வைக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. அதை வெள்ளைக்காரன் கைக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறான். என் கை அதில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருத்தர் கைக்கு இடம் இருக்கிறது. துண்டை மடித்து வைத்தேன். மழையில் நனைந்து அதுவே அரைக்கிலோ கனத்தது. வெந்நீர்க் குழாய்க்கு மாட்டுகிற சாம்பல் நிற நுரைக்குழாயை வைத்தேன். நாலாவது வரப்பில் நழுவி விழுந்தது. கடைசியில் மல்லிகாவின் யோகா பாயில் ஒரு துண்டு நறுக்கி ஒட்டி, மேலே வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டினேன். கச்சிதம். ஜனவரி முதல் தேதி சபதம் எடுக்கும்போதுதான் அவள் அந்தப் பாயை விரிப்பாள். அதுவரைக்கும் எனக்கு ஆபத்தில்லை.

அடுத்தது கைப்பிடி. வெறும் பிளாஸ்டிக், குளிரில் சில்லென்று உள்ளங்கையில் ஏறும். கிரிக்கெட் மட்டைக்குப் போடுகிற ரப்பர் உறையை வாங்கினேன். ஏறவில்லை. தேங்காய் எண்ணெய் தடவியதும் சர்ரென்று ஏறியது. பிறகு நிற்க மாட்டேன் என்று கையில் சுழன்றது. கழற்றித் துடைத்து, பவுடர் போட்டு மறுபடி ஏற்றியிருக்கிறேன். இப்போது வயலில் எனக்கு மட்டும் பாண்ட்ஸ் வாசனை.

உங்கள் மைத்துனன் மூளைக்கு நீங்கள் மெச்சிக்கொள்ள வேண்டிய இடம் இனிமேல்தான். மெஷினில் கஷ்டம் எடை இல்லை, எடை இருக்கிற இடம். வளையம் அரைக்கிலோதான், ஆனால் கைப்பிடியிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளி முன்னால் தொங்குகிறது. மணிக்கட்டுதான் அதைத் தாங்க வேண்டும். உங்கள் கடைக்கு எதிரே ரயில்வே கேட் கம்பத்தின் பின்பக்கம் ஒரு இரும்புக் குண்டு இருக்குமே, அத்தனை நீளக் கம்பத்தைக் கேட்கீப்பர் தாத்தா பீடியைக் கீழே வைக்காமல் தூக்குவாரே, அதேதான் செய்தேன். முழங்கைக்குப் பின்னால் ஈயம் கட்டினேன். ஈயத்துக்குச் செலவே இல்லை. வயலில் பழைய குழாய்த் துண்டும் கூரைத் தகடும் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைக்கும். டியூப்பில் ஒரு முழம் வெட்டி, அதற்குள் ஈயத்தைத் திணித்து, இரண்டு பக்கமும் முடிச்சு. பார்ப்பதற்குக் கொஞ்சம் அசிங்கம். வளையத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் மெஷினுக்கு அது இருப்பதே தெரியாது. முழுச் சமநிலைக்கு ஒரு கிலோ கட்ட வேண்டும் என்று கணக்கு வருகிறது. 400 கிராமோடு நிறுத்தினேன். எடை கூடியதும் கை லேசாகிவிட்டது. ஃபேக்டரியில் இன்ஜினியரிங் படித்த பையனிடம் சொன்னால் எனக்கு ஃபிசிக்ஸ் விளக்குகிறான். நான் ரயில்வே கேட்டைப் பார்த்தவன், அவன் பார்க்காதவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மிச்சம் இருந்த டியூப்தான் படத்தில் பார்த்தது. முதுகுப்பையின் தோள்வாரிலிருந்து தொங்கவிட்டு மெஷினை அதில் மாட்டினால், பாரம் எல்லாம் தோளுக்கும் இடுப்புக்கும் போய்விடும். கை வெறுமனே திசை காட்டினால் போதும். ஆனால் ரப்பர் ரப்பர்தானே. சிக்னல் கேட்டதும் தோண்ட வேண்டும் என்கிற ஆவலில் கொக்கியைக் கழற்றினேன். டியூப் சுண்டிக்கொண்டு வந்து மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்தது. கண்ணாடியின் ஃபிரேம் உலோகம். ஆகவே மெஷினை வைத்தே தேடி எடுத்தேன், அத்தான். இதைவிட நல்ல விளம்பரம் அந்தக் கம்பெனிக்குக் கிடைக்காது. இப்போது பாதி டியூப், பாதி நைலான் கயிறு, சுண்டுவதில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. ஃபேக்டரி ஷூவின் முனையில் இரும்புத் தகடு இருப்பதால், வளையம் காலருகே வரும்போதெல்லாம் என் கட்டைவிரலைப் புதையல் என்று மெஷின் கூவும். அதனால் ரப்பர் பூட்ஸ். ஹெட்ஃபோனுக்கு அடியில் அம்மா வாங்கித் தந்த மங்கி கேப். மொத்தத்தில் மெஷின் 2 கிலோவை நெருங்கிவிட்டது. "சுகம் அதிகமானதால் தூக்க முடியாத மெஷினை உலகத்திலேயே நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்" என்கிறாள் மல்லிகா. தூக்குவது நான், பேசுவது அவள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சரி, தோட்டத்தில் தாத்தா புதைத்ததாகச் சொல்லும் குடத்தைத் தேட மெஷினை ஊருக்குக் கொண்டு வரச் சொன்னீர்களே. அதற்கு முன் இந்த ஊர்ச் சட்டத்தைக் கேளுங்கள். 300 வருஷத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அது புதையல். 14 நாளுக்குள் கொரோனரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். கொரோனர் யார் தெரியுமா? சந்தேகச் சாவுக்கு விசாரணை நடத்துகிறவர்! 1194-லிருந்து இருக்கிற பதவி. ஆற்றில் மிதந்தவன் எப்படிச் செத்தான் என்று காலையில் விசாரிப்பவரேதான், புதைந்த காசு எப்படிப் புதைந்தது என்றும் விசாரிக்கிறார். குடத்தோடு தாத்தாவைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டால் பதில் சொல்ல நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதற்காக நம் ஊர் தேவலை என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் 1878-ல் போட்டுவிட்டுப் போன சட்டம்: மண்ணில் புதைந்திருந்து 10 ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10 ரூபாய்! குடத்துக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தக் குடமே அதைத் தாண்டும். இங்கே சாவு அதிகாரி, அங்கே கலெக்டர் ஆபீஸ் வரிசை. தாத்தா புதைத்தது அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று, இங்கே சொன்னவனை ஏமாற்றுவதில்லை. பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்று ஒரு ஊர். 1992-ல் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, மெஷின் வைத்திருந்த நண்பரைத் தேடச் சொன்னார். அவருக்குக் கிடைத்தது ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியுமாகக் கிட்டத்தட்ட 15,000 காசுகள். பதினேழரை லட்சம் பவுண்டு வெகுமதி. விவசாயியும் அவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதிலிருந்து மல்லிகா வீட்டில் தொலைந்த சாமான் எதையும் தேட விடுவதில்லை. வயலுக்குப் போய்த் தேடுங்கள் என்கிறாள்.

எனக்குக் கிடைப்பது துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, கோட்டுப் பித்தான், பீர் டின்னின் மூடி வளையம், டிராக்டரிலிருந்து கழன்ற நட்டு. நல்லதாக ஒன்றே ஒன்று: வெள்ளிக் காசு, அதுவும் பாதி. உடையவில்லை, வெட்டியது. அந்தக் காலத்தில் பென்னிக்குச் சில்லறை கிடையாது. அரைப் பென்னி வேண்டுமென்றால் காசையே இரண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். 1280-ல் எட்வர்டு ராஜா அரைப் பென்னியைத் தனியாக அச்சடித்த பிறகுதான் அது நின்றது. காசின் பின்பக்கம் ஒரு சிலுவைக் கோடு. வெட்டியவன் அந்தக் கோட்டை ஒட்டியே வெட்டப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் சாய்த்திருக்கிறான். நகத்தால் தடவினால் அந்தச் சாய்வு தட்டுப்படுகிறது. ஒற்றைக் காசு என்பதால் கொரோனர் வேண்டாம். தொல்பொருள் பதிவு அலுவலரிடம் காட்டினேன். அளந்து, படம் எடுத்து, என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அதை எடுத்த அன்றைக்கு ஒரே ஒரு குறை. ஊரில் ரோட்டோரம் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். பத்துப் பேர் கூடி, ஆழமாகப் போ, இடது பக்கம் போ, அங்கே பாறை என்று யோசனை சொல்வார்கள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை. பிறகு வந்த ஒரே தெரிந்தவரும் தூரத்தில் நின்று கை காட்டிவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டார். மரியாதைதான். "என்னடா கிடைச்சுது?" என்று கேட்க ஆள் இல்லாமல் எழுநூறு வருஷத்துக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, என்ன சொல்வது, சப்பென்று இருந்தது. அதனால்தான் அன்றைக்கு ராத்திரி உங்கள் நேரம் பார்க்காமல் போன் போட்டேன். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் "பாதிதானா?" என்று கேட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் 78 வயதுப் பெரியவர் ஒருவர், தோளில் ஆபரேஷன் ஆனவர். போன வாரம் என் டியூப்பை மாட்டிப் பார்க்கிறேன் என்றார். மாட்டிக்கொண்டு வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மழை வரும்போலிருக்கிறது என்றார். குளிர் சீக்கிரம் வந்துவிட்டது என்றார். டியூப்பைக் கழற்றித் தரவில்லை. பார்த்தால், வால்வைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே நிற்கிறார். நாம் வால் டியூப் போட்டுக் காற்றடிப்போமே, அந்தப் பழைய வால்வு. சின்ன வயதில் அவர் சைக்கிளில் இருந்ததாம். இங்கே அந்த ரகம் இப்போது கண்ணிலேயே படுவதில்லையாம். அவரும் ஹெர்குலிஸ்தான் ஓட்டியிருக்கிறார். அவருடையது பர்மிங்காமில் செய்தது, உங்களுடையது அம்பத்தூரில் செய்தது. இதற்கு மேல் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஆக என் தோள் மறுபடி அனாதை. அதோடு அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். கடையில் கழித்துப் போட்ட 28 இன்ச் டியூப் ஆறேழு எடுத்து வையுங்கள். பஞ்சர் ஒட்டு எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வால்வை அறுத்துவிடாதீர்கள். இங்கே அதற்குத்தான் விலை. சாத்தூர் மாமா மகள் ஜனவரியில் படிக்க வருகிறாளே, அவள் பெட்டியில் போடுங்கள். கஸ்டம்ஸில் கேட்டால் ஊறுகாய் பாட்டிலுக்குக் கட்டியது என்று சொல்லட்டும். அதற்காக ஊறுகாயும் சேர்த்து அனுப்புங்கள், எலுமிச்சை போதும். ஒன்றுக்கு 5 பவுண்டு சொல்லப் போகிறேன். வருவதில் பாதி உங்களுக்கு.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்