சிவப்புக் கோட்டு தைக்கச் சில பொன்னான யோசனைகள்

வாட்டர்லூ சண்டை 1815 ஜூன் 18ஆம் தேதி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்தச் சண்டைக்கு உடுப்பு தைத்து முடிக்க உங்களுக்கு ஒன்றரை வருடமாவது ஆக வேண்டும். அதற்குள் முடிந்துவிட்டால் எங்கேயோ அக்கறை குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய போர்களை அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்துத் துப்பாக்கியோடு, குண்டு மட்டும் போடாமல் நடித்துக்காட்டுவது ஐரோப்பாவில் பெரிய பொழுதுபோக்கு. வாட்டர்லூவின் 200ஆம் ஆண்டில், 2015இல், பெல்ஜியத்தின் அந்த வயல்களில் சுமார் 5,000 பேர் இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் யாரோ உட்கார்ந்து உடுப்பு தைத்திருக்கிறார்கள். நீங்களும் பிரிட்டிஷ் காலாட்படையின் சிவப்புக் கோட்டு ஒன்று தைக்க முடிவு செய்திருக்கிறீர்கள். பிரமாதம். நான் சொல்கிறபடி செய்யுங்கள். இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். முறையாகச் செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

1. முதலில் பதவி

துணி எடுப்பதற்கு முன் பதவியைத் தீர்மானியுங்கள். ஒரு பட்டாலியனில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவில். ஆகவே நீங்கள் கேப்டன். உங்கள் குழுவில் இருப்பதே பன்னிரண்டு பேர், அதில் ஏழு பேர் ஏற்கெனவே கேப்டன் என்றால் தயங்காமல் மேஜர் ஆகிவிடுங்கள். உத்தரவு போட ஆள் இருக்கிறது. கேட்க ஆள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அதைப் பார்வையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நெஞ்சில் கட்டாயம் வாட்டர்லூ பதக்கம் குத்திக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசு அந்தப் பதக்கத்தைக் கொடுத்தது சண்டை முடிந்த பிறகு, 1816–17இல். அதைக் குத்திக்கொண்டே சண்டைக்குள் நுழைபவருக்கு, தான் பிழைத்துவிடுவோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்த நிம்மதி முகத்தில் தெரியட்டும்.

(‘ஷார்ப்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு 95ஆம் ரைஃபிள் படையின் பச்சை உடுப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தனியாக வந்து என்னைப் பார்க்கவும். கூட்டம் அதிகம், வரிசையில் நிற்கவும்.)

2. துணி எடுப்பது

பதவி கேப்டன் என்றாலும் தைக்கப்போவது சிப்பாயின் கோட்டுதான். அசல் சிப்பாயின் கோட்டு கம்பளித் துணி. நெய்த பிறகு அதை நனைத்து, அடித்து, இறுக வைத்துவிடுவார்கள். நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கத்தரியால் வெட்டினால் விளிம்பில் பிசிறு வராது. அதனால் ஓரத்தை மடித்துத் தைக்காமல், வெட்டியது வெட்டியபடியே விட்டுவிடுவார்கள். யார்க்‌ஷயரில் 1783இல் தொடங்கிய ஹெயின்ஸ்வொர்த் மில் இன்றும் அரண்மனைக் காவலர்களுக்குச் சிவப்புத் துணி நெய்கிறது. அப்படிப்பட்ட துணி விலை அதிகம்.

எனவே பாலியஸ்டர் கலந்தது எடுங்கள். வெட்டிய உடனே பிசிறு பிசிறாக வரும். பயப்படாதீர்கள், ஓரமெல்லாம் இரண்டு மடிப்பு மடித்து, ஓவர்லாக்கும் அடித்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். விவரம் தெரிந்தவர் இருபதடி தூரத்திலேயே அந்த மடிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். தலைக்கனம் பிடித்தவர் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுங்கள்.

நிறத்துக்கு வருவோம். சாதாரணச் சிப்பாயின் துணிக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம் போட்டார்கள். செங்கல் மாதிரி கொஞ்சம் மங்கின சிவப்பு. வெயிலிலும் மழையிலும் இன்னும் மங்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பெல்லாம் அதிகாரிகளுக்கு. அது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சாயம். அந்தப் பூச்சி மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வளர்வது. வியாபாரம் ஸ்பானியர் கையில். அதை உடைக்கத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம்ம சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுப் பூச்சி வளர்க்கப் பார்த்தார். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டும் ஆண்டர்சனுக்கு வாய்க்காத அந்த அதிகாரிச் சிவப்பை, நீங்கள் கிலோ கணக்கில் ரசாயனச் சாயத்தில் முக்கி, மாதம் முழுக்கப் பட்டினி கிடந்த ஒரு சிப்பாயின் முதுகில் மாட்டிவிடுங்கள். போட்டோவில் நன்றாக வரும்.

3. ஆதாரம் தேடுவது

அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில் பெரும்பாலானவை அதிகாரிகளின் கோட்டுகள். காரணம் எளிது: அதிகாரியின் குடும்பம் அதைப் பெட்டியில் பூட்டி வைத்தது, சிப்பாய் தன்னுடையதைக் கந்தலாகும் வரை போட்டுத் தீர்த்தான். வாட்டர்லூவில் செத்தவர்களின் உடம்பிலிருந்து அன்றிரவே துணிமணி, பூட்ஸ், பல்கூட உருவிக்கொண்டு போனார்கள். இந்த விஷயத்தை அங்கேயே மறந்துவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் அதிகாரி உடுப்பை அளவெடுத்து, அதேபோல் சிப்பாய்க்குத் தைத்து, “அசலைப் பார்த்தே செய்தது” என்று சொல்லுங்கள். பொய் சொன்னதாகவும் ஆகாது.

காலர், கைப்பட்டியின் நிறத்தில் சந்தேகம் வந்தால் சார்லஸ் ஹாமில்டன் ஸ்மித் 1812 முதல் 1815 வரை வெளியிட்ட படங்களைக் காட்டுங்கள். எந்த ரெஜிமென்ட்டுக்கு எந்த நிறம், எந்த லேஸ் என்று அட்டவணையே போட்டிருக்கிறார். அந்தப் படங்களுக்கு ஆட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் பூசினார்கள். ஒரு பிரதியின் மஞ்சள் இன்னொரு பிரதியில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்களிடம் இருக்கும் பிரதிதான் சரி. எதிராளியிடம் இருப்பது வெயிலில் வெளுத்தது.

4. தைப்பது

1815இல் தையல் மெஷின் புழக்கத்தில் கிடையாது. 1830இல் பிரான்ஸில் திமோனியே என்பவர் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, பாரிஸில் 80 மெஷின் வைத்து ராணுவ உடுப்பு தைக்கத் தொடங்கியதும், பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து உடைத்துப் போட்டார்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது: உள்ளே இருக்கும் நீளத் தையல் எல்லாவற்றையும் மெஷினில் ஓட்டிவிடுங்கள். வெளியே கண்ணுக்குத் தெரிகிற நாலு இடத்தில் மட்டும் ஊசியால் குத்துங்கள். பிறகு “முழுக்கக் கைத்தையல்” என்று அறிவியுங்கள். யாராவது உள்ளே புரட்டிப் பார்க்க வந்தால், கோட்டு போட்டிருக்கிறேன், கழற்ற முடியாது, காஜா இறுக்கம் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு மனசாட்சி உறுத்தும் என்றால் எதிர்ப்பக்கம் போங்கள். லினன் நூலுக்குத் தேன்மெழுகு தடவி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை குத்து போட முடியுமோ அத்தனையும் போடுங்கள். ஒரு குத்து கோணினால் பிரித்து மறுபடி தையுங்கள். அசல் உடுப்பை ரெஜிமென்ட்டின் கர்னல் ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக வாங்கினார். ஆள் ஒன்றுக்கு அரசு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்தால் அது அவர் பைக்கு. வருடத்துக்கு ஒரு கோட்டு. வந்ததும் படையிலேயே இருந்த தையல் தெரிந்த சிப்பாய்கள் ஆளுக்கேற்றபடி பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவசரத் தையல், மலிவுத் தையல். அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கல்யாண மாப்பிள்ளையின் ஷெர்வானி போலத் தைத்து வைத்துவிட்டு, “அப்படியே அந்தக் காலம்” என்று பெருமூச்சு விடுங்கள்.

5. பாதியில் நிறுத்துவது

எல்லோரும் தவறாமல் எடுத்து வைக்கும் அடி இது. இடது கை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். வலது கை, காலர், பத்துப் பதினைந்து காஜா, அத்தனை லேஸும் பாக்கி இருக்கட்டும். ஒரு வருடம் பையில் கிடக்கட்டும். பூச்சி அரிக்கட்டும்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இந்த வேலையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு தையல்காரரிடம் பையைத் தூக்கிக்கொண்டு போங்கள். அவர் தனியாள், ஆர்டர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கின்றன. “கொஞ்சம்தான் பாக்கி” என்று சொல்லுங்கள். நீங்கள் தைத்த இடது கை தலைகீழாக இருக்கிறது என்று அவர் காட்டுவார். அந்த ரெஜிமென்ட்டில் அப்படித்தான் என்று சொல்லுங்கள். விலை சொன்னதும் முகத்தைச் சுளித்து, இதே கோட்டு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பாதி விலைக்கு வருகிறதே என்று கேளுங்கள். அப்படியானால் அதையே வாங்கியிருக்கலாமே என்று அவர் கேட்க மாட்டார். வாடகை கொடுக்க வேண்டியவர். வேலை முடியும் தறுவாயில் ரெஜிமென்ட்டை மாற்றுங்கள்.

6. அளவு கொடுப்பது

உங்கள் கல்லூரிக் காலத்து இடுப்பளவைக் கொடுங்கள். அன்றைய சிப்பாய் இருபதுகளில் இருந்தவன், சுமார் ஐந்தரை அடி உயரம், கொழுப்பு சேர வாய்ப்பே இல்லாதவன். கோட்டு அவன் உடம்புக்காக வெட்டப்பட்டது: முதுகு குறுகல், கை பின்பக்கமாகப் பொருத்தியது, காலர் உயரம். போட்டால் தோள் தானாகப் பின்னால் போய் நெஞ்சு நிமிரும். உங்களுக்கு நெஞ்சு நிமிராது, வேறொன்று நிமிரும். அதற்காக முன்பக்கம் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டு, தோளையும் தொளதொளவென்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் தோல் பட்டை கட்ட வேண்டும் என்பதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூச்சு முட்டும். அவர்களுக்கும் முட்டியது.

7. பட்டன்

வெள்ளீயக் கலவைப் பட்டனில் ரெஜிமென்ட் எண் இருக்கும். காவல் படைகளில் பட்டன் வரிசையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்: முதலாம் படைக்கு ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீம் படைக்கு இரண்டிரண்டாக, மூன்றாம் படைக்கு மும்மூன்றாக. நீங்கள் பொத்தாம்பொதுவாக வைத்துவிடுங்கள். கேட்டால், போரில் அறுந்து விழுந்தது.

8. பழசாக்குவது

புதுக் கோட்டு கூச்சம் தரும். தேயிலைத் தண்ணீரில் ஊற வையுங்கள், உப்புத்தாளால் தேயுங்கள், முழங்கையில் சீஸ் துருவியால் இரண்டு இழு இழுங்கள். ஆனால் ஒட்டுத்துணி மட்டும் வைக்காதீர்கள். வாட்டர்லூவுக்கு முந்தைய ஸ்பெயின் போரில் சிப்பாய்கள் கிடைத்த பழுப்புத் துணியையெல்லாம் வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்; உடை விஷயத்தில் அவர்களுடைய தளபதி வெலிங்டன் கெடுபிடி காட்டியதில்லை என்று அவர் படையில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். கேப்டனான உங்களுக்கு அது பிடிக்காது. கிழிசல் இருக்கலாம், தைத்த கிழிசல் இருக்கக் கூடாது.

வாட்டர்லூ சண்டைக்கு முந்தின இரவு கொட்டோ கொட்டென்று மழை. படை முழுக்கச் சேற்றில் நனைந்தபடி கிடந்தது. நீங்கள் உங்கள் உடுப்பை ஓட்டல் அறையில், ஹேங்கரில், பாலிதீன் உறையோடு தொங்கவிடுங்கள்.

9. அடுத்தவர் உடுப்பு

உங்கள் கோட்டு முடிந்ததா? இனிதான் உண்மையான வேலை. முகாமில் புதிதாக யாராவது வந்தால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், காஜாவைப் பாருங்கள். பெயர் கேட்பதற்கு முன் நூல் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பிறகு பூட்ஸைப் பாருங்கள். அன்றைய சிப்பாயின் பூட்ஸைப் பெரும்பாலும் இடது, வலது என்று தனித்தனியாகச் செய்ததில்லை. இரண்டும் ஒரே வார்ப்பு. அவர் காலில் இருப்பது இடது–வலது. ஒரு சின்னச் சிரிப்புப் போதும். அவர் அடுத்த வருடம் வர மாட்டார்; கூட்டம் குறைகிறது, இளைஞர்களுக்கு ஆர்வமே இல்லை என்று அப்போது வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகத் தாடியைக் கவனியுங்கள். கோடாரி தூக்கிய பயனியர்களைத் தவிர அன்றைய பிரிட்டிஷ் காலாட்படையில் தாடிக்கு அனுமதி கிடையாது. இதை உரக்கச் சொல்லுங்கள். உங்கள் தாடியைத் தடவிக்கொண்டே சொல்லுங்கள். அது டாக்டர் சொல்லி வளர்ப்பது.

10. சாகாதீர்கள்

வெலிங்டன் படையில் அன்று செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் 15,000 பேருக்கு மேல். நடிப்பிலும் யாராவது விழுந்துதான் ஆக வேண்டும். நீங்கள் விழ வேண்டாம். இவ்வளவு செலவழித்துத் தைத்த உடுப்பு சேற்றில் படலாமா? எதிரே பீரங்கி வெடிக்கட்டும், பக்கத்தில் நூறு துப்பாக்கி புகையட்டும், நில்லுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் புல்லும் நிழலும் பார்த்து, தொப்பியை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கையை ஊன்றி மெதுவாகச் சாகுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே படுத்திருப்பவரின் காலரை அங்கிருந்தே சரிபார்க்கலாம்.

அடுத்த வருடத்துக்கு எதிரணியான நெப்போலியனின் பிரெஞ்சுப் படையில் சேருங்கள். நீலத் துணிக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவையுங்கள். 1806இல் நீலச் சாயம் கிடைப்பது கஷ்டமாகி, நெப்போலியனே சில ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார். உங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.