டேப் நுனி மறையும் விதி: பங்காருபேட்டை இணைய வணிகரின் கவனம் குறித்த முதற்கட்ட ஆராய்ச்சி

இணையத்தில் வியாபாரம் செய்வோரின் கவனம் எங்கே போகிறது என்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பல ஆராய்ந்துவிட்டன. செல்லோ டேப்பின் நுனி எங்கே போகிறது என்று ஒருவரும் ஆராயவில்லை. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் பங்காருபேட்டை. கோலார் மாவட்டத்து ரயில் சந்திப்பு. மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்பு பௌரிங்பேட்டை. கோலார் தங்கவயலுக்குப் போகும் கிளைப்பாதை இங்கே பிரிந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது நிறமே இல்லாத தண்ணீர் ஊற்றித் தரும் பானிபூரி. அது தனி ஆய்வுக்குரியது. மாலையில் நேரில் மேற்கொள்ளப்படும்.

ஆய்வுக்கு உட்பட்டவர், வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்கும் ஓர் அக்கா. ஆய்வு அறம் கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. சொன்னால் நீங்களும் விலை கேட்பீர்கள்.

காலை பதினொரு மணி. கூடத்தில் பாய் விரித்து அக்கா உட்கார்ந்திருக்கிறார். எதிரே மடித்த சேலைகள், கொரியர் கவர், முகவரி எழுத ஸ்கெட்ச் பேனா. மதியம் கொரியர் பையன் வருவதற்குள் பார்சல் கட்டியாக வேண்டும். கவரை மடித்தாயிற்று. டேப்பை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி நுனியைக் கண்டுபிடித்து, கொஞ்சம் உரித்தும் விட்டார். அப்போது ‘டிங்’. “எவ்ளோக்கா?” டேப் கீழே போகிறது. உரித்த நுனி திரும்ப ஒட்டிக்கொண்டு மறைகிறது. விலையைச் சொல்லிவிட்டு வந்தால் நகத்துக்கு முதலிலிருந்து வேலை. நுனி அகப்படுகிற நேரம் பார்த்து அடுத்த ‘டிங்’. “எஷ்டு அக்கா?” அதற்கடுத்து “ரேட் எந்தா அக்கா?” தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் ஊர் என்பதால் ஒரே கேள்வியை மும்முறை கேட்கும் வசதி இங்கே உண்டு. நடுவில் ஒரு பெண், “சிஸ், இதே கலர்ல வேற கலர் இருக்கா?” என்கிறார். இந்தக் கேள்வி ஆய்வாளரின் புலமைக்கு அப்பாற்பட்டது.

விளைவு? ஆம்பூருக்குப் போக வேண்டிய மாம்பழ மஞ்சள் ஆண்டர்சன்பேட்டைக்குப் போகிறது. ஆண்டர்சன்பேட்டையின் மயில் நீலம் வீட்டிலேயே இருக்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், அலுவலகங்களில் வேலை செய்வோரைக் கூடவே இருந்து கவனித்து, நடுவில் அறுந்துபோன வேலைக்கு ஒருவர் திரும்பி வரச் சராசரியாக 23 நிமிடம் பிடிக்கிறது என்று கண்டார். அக்காவுக்கு இரண்டு ‘டிங்’குகளுக்கு நடுவே 23 நிமிடம் வாய்த்ததே இல்லை. ஆகவே, கணக்குப்படி பார்த்தால், கடை தொடங்கிய அன்று கட்ட உட்கார்ந்த முதல் பார்சலுக்கே அவர் இன்னும் திரும்பி வரவில்லை. இடையில் போன பார்சல்களை யார் கட்டினார்கள் என்பதை மார்க் அம்மையார்தான் விளக்க வேண்டும்.

இனி வரலாற்றுப் பின்புலம். இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா தங்கவயல் சுரங்கத்துக்குப் போனார். சங்கு ஊதினால் ஷிப்ட். கூண்டில் ஏறி இறங்கிவிட்டால் மேலே இருக்கிற எவனும் கூப்பிட்டு விலை கேட்க முடியாது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். அப்பா விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். அவருக்குச் சங்கு இல்லை, ரயில் நேரம் இருந்தது. ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றைய கூலி போச்சு. மகள் போனை எடுத்தார். இதற்குச் சங்கும் இல்லை, ரயிலும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு வெளியிலிருந்து யாரோ கட்டிக்காத்த கவனத்தை மூன்றாம் தலைமுறை தானே காத்துக்கொள்ளும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். சோம்பல், மன உறுதிக் குறைவு என்றெல்லாம் அக்காவைக் குறை சொல்வோர் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

அப்படியானால் பார்சல் கட்டும் நேரத்தில் ‘டிங்’குக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே வழி என்றால், பூர்வபட்சக்காரர் இங்கே குறுக்கிடுவார்: “வெறுமனே ‘ஹாய்’ போடுகிறவர் நாளைக்கு வாங்கலாமே, பதில் போடாமல் விடலாமா?” நியாயமான கேள்வி. பதில் தங்கவயலிலேயே கிடக்கிறது. அங்கே ஏறக்குறைய 5 கோடியே 10 லட்சம் டன் கல்லை வெட்டி 800 டன் தங்கம் எடுத்தார்கள். சராசரி போட்டால் டன்னுக்கு 16 கிராம். கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. மீதி முழுக்க ‘எவ்ளோக்கா?’. அதற்காக ஒவ்வொரு கல்லையும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கவில்லை. முதலில் இடித்து மாவாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் ஓடவிட்டு, சுலபத்தில் ஒட்டுகிற தங்கத்தைப் பிடித்தார்கள். ஒட்டாத மண்ணை மொத்தமாகச் சயனைடில் போட்டார்கள். அதிலும் மிஞ்சியதைக் கொட்டியதுதான் இன்றைக்கும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைட் மேடுகள். அவற்றிலும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 மேடுகளைத் திரும்பத் தோண்டி எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆக, ‘ஹாய்’ வீணாகாது. ஆனால் அது மேட்டில் கிடக்க வேண்டிய சரக்கு. பணம் போட்டவருக்குப் பார்சல் கட்டுவது செப்புத் தகட்டு வேலை.

‘டிங்’கை விடக் கொடியது ஒன்று உண்டு. வேலை மாதிரியே வேடம் போட்டு வரும். லோகோவில் மயிலுக்குப் பதில் தாமரை வைப்பது, ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று விரல் வைத்து எண்ணுவது, எதிர் வீதிக்காரி என்ன போட்டிருக்கிறாள் என்று ‘மார்க்கெட் ஆராய்ச்சி’ செய்வது. எதிர் வீதிக்காரியும் அதே நேரம் அக்காவின் பக்கத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆகவே இக்கட்டுரை முன்வைப்பது கூண்டுக் கோட்பாடு. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஷிப்ட்; அலாரமே சங்கு. போன் அரிசி டிரம்முக்குள் இறங்கும். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், ஆள் இல்லாத நேரத்தில் தானாகவே பதில் போகும் வசதி உண்டு. அதில் அக்கா, “மதியம் இரண்டு மணிக்கு மேல் பதில் சொல்கிறேன் சிஸ். விலை படத்தின் கீழேயே இருக்கிறது” என்று எழுதி வைத்தார். உடனே வந்த பதில்: “ஓகே சிஸ். எவ்ளோ?” அது மேட்டில் கொட்டப்பட்டது. அன்றைய பார்சல் அத்தனையும் கொரியர் பையன் வருவதற்குமுன் கட்டி முடிந்தது. டேப் நுனி மறையவில்லை. உரிக்கும்போதெல்லாம் நுனியை ஒரு மடிப்பு மடித்து வைத்தால் அது எப்போதுமே மறையாது என்றார் அக்காவின் அம்மா. இந்தக் கண்டுபிடிப்பை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது என்று ஆய்வாளர் கேட்டுக்கொண்டார், அம்மா மறுத்துவிட்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இணையத்தில் சேலை வாங்குகிறவர்களாக இருந்தால், படத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். விலை அங்கேதான் எழுதியிருக்கிறது.