பர்மெக்ஸிட்: பிரிந்தது ரங்கூன், பில் வந்தது எண்ணூருக்கு

2016இல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டதும் உலகமே வாயைப் பிளந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கூட்டுச் சந்தையை விட்டு யாராவது எழுந்து போவார்களா? போனால் விலைவாசி என்னாகும், வேலைக்கு வந்தவர்கள் கதி என்ன என்று வருஷக்கணக்கில் டி.வி. விவாதம். பேசிய நிபுணர்களில் ஒருவராவது ராயபுரம் பக்கம் வந்து விசாரித்திருக்கலாம். இங்கே அந்தப் படம் 1937லேயே ரிலீஸ் ஆகிவிட்டது. டைரக்‌ஷன்கூட அதே பிரிட்டன்தான்!

கதை நடந்த இடம் பர்மா. அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூனில் இறங்க பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். இங்கேயும் ரூபாய், அங்கேயும் அதே ரூபாய். அரிசிக்கும் தேக்குக்கும் நடுவழியில் சுங்கம் கிடையாது. ஐரோப்பா 1993இல் ‘ஒற்றைச் சந்தை’ என்று ரிப்பன் வெட்டிய சங்கதி, நம் ஆட்கள் டெக் டிக்கெட் எடுத்துப் போய்வந்துகொண்டிருந்த பழைய சமாசாரம்.

1927இல் மட்டும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ரங்கூனில் போய் இறங்கினார்கள். 1931 கணக்கெடுப்பில் அந்த ஊர் ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சொந்தத் தலைநகரத்தில் பர்மாக்காரர் மைனாரிட்டி. அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பர்மா இந்தச் சங்கத்தில் சேர்ந்த விதமும் அழகுதான். மிச்சமிருந்த மேல் பர்மாவை பிரிட்டிஷ்காரர்கள் 1886 ஜனவரி 1ஆம் தேதி இணைத்துக்கொண்டார்கள். லண்டனில் ராண்டால்ஃப் சர்ச்சில், விக்டோரியா மகாராணிக்கு அதைப் புத்தாண்டுப் பரிசாக நீட்டினார். பொக்கே கொடுத்தால் போதாதா, ஐயா? ஒரு தேசத்தையா கொடுப்பது?

அரண்மனையை இழந்த திபா மன்னரைக் கப்பலேற்றி எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? ரத்னகிரி என்று டக்கென்று சொல்வீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்டாப் உண்டு. 1885 டிசம்பரில் ராஜா குடும்பத்தோடு வந்து இறங்கியது சென்னையில். சில மாதம் இங்கே வாசம். மூன்றாவது இளவரசி பிறந்ததே சென்னையில்தான். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு நம் துறைமுகத்தில் கால் வைத்தவர்கள் பட்டியலை எடுத்தால், முதல் பெயர் ஒரு மகாராஜாவுடையது!

சரக்குக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சென்னையைக் குண்டால் அடித்த கதை எல்லோருக்கும் தெரியும். எரிந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது சரித்திரம். வீட்டு விளக்குக்கான எண்ணெய்க்குக்கூட நாம் எந்த ஊரை நம்பியிருந்தோம் என்பதை அவ்வளவு வெளிச்சம் போட்டு அதற்குமுன் யாரும் காட்டியதில்லை.

பணம்? அது செட்டியார்கள் டிபார்ட்மென்ட். 1930 வாக்கில் பர்மாவில் அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் கமிட்டி கணக்குப் போட்டது. அப்போது பார்த்து உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலையைப் படுக்கப்போட்டது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் 6 சதவீதமாக இருந்த நிலம் 1938இல் 25 சதவீதம் ஆனது. வட்டி வாங்கப் போனவர் வயலோடு மாட்டிக்கொண்டார். பர்மா விவசாயி கண்ணுக்கோ, வயலை விழுங்க வந்த வில்லன் ஆனார்.

இந்த நேரத்தில்தான் சைமன் கமிஷன், பர்மாவைத் தனியே பிரித்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. ஆமாம், நாம் கறுப்புக்கொடி காட்டித் திருப்பி அனுப்பினோமே, அதே சைமன். பிரியலாமா கூடாதா என்று 1932 நவம்பரில் தேர்தல். பர்மாக்காரர்கள் குதித்துக்கொண்டு பிரிந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஜெயித்தது பிரிவினை எதிர்ப்பு அணி!

இந்தியா மேல் பாசமெல்லாம் இல்லை. வெள்ளைக்காரன் ‘பிரி’ என்கிறான், அப்படியானால் அதில் ஏதோ சூது இருக்கிறது, இந்தியாவுக்குக் கொடுப்பதைவிடக் கம்மியாக நமக்குக் கொடுக்கப் பார்க்கிறான் என்ற சந்தேகம். எதிரியின் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவது வாட்ஸ்அப் காலத்து வியாதி என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

ஜெயித்தவர்கள் சபையில் கூடினார்கள். கொடுக்கிற அரசியல் சட்டத்தோடு பிரிவதா? முடியாது. அப்படியானால் இந்தியக் கூட்டாட்சியில் நிரந்தரமாகச் சேர்வதா? அதுவும் முடியாது. சேர்கிறோம், ஆனால் எப்போது தோன்றுகிறதோ அப்போது கிளம்பும் உரிமை வேண்டும் என்றார்கள். ஐரோப்பிய யூனியன் தன் ஒப்பந்தத்தில் 50வது பிரிவாக எழுதிவைத்த சங்கதியை இவர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். லண்டன் ‘அதெல்லாம் கிடையாது’ என்றது. 1933இல் மறுபடி கூடினார்கள். பேசினார்கள், பேசினார்கள், ஓட்டெடுப்புக்கே நேரம் இல்லாமல் பேசினார்கள்.

கடைசியில் லண்டன் பொறுமை இழந்து பிரித்தே விட்டது. தேதி: 1937 ஏப்ரல் 1. நிஜமாகத்தான்.

பிரிந்த பர்மாவின் முதல் பிரதமர் யார்? பிரிவினை கூடாது என்று பிரசாரம் செய்த தலைவர்களில் ஒருவரான பா மா! பிரெஞ்சு தேசத்து டாக்டர் பட்டம், வாதாடுவதில் புலி, உடுத்தும் உடையைத் தானே டிசைன் செய்துகொள்ளும் அளவுக்கு ஷோக்குப் பேர்வழி. யூனியனிலேயே இருப்போம் என்று ஓட்டுப் போட்ட தெரசா மே, பிற்பாடு பிரெக்ஸிட்டை நடத்திவைக்கப் பிரதமர் ஆனார் அல்லவா? நாற்காலி காலியாக இருந்தால் கொள்கை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிரிந்தபின் என்ன மாறியது? முதலில் ஒன்றுமே இல்லை. மூன்று வருஷத்துக்கு வியாபாரம் பழையபடியே நடக்கும் என்று உத்தரவு. பர்மாவுக்கும் மத்திய வங்கி நம் ரிசர்வ் வங்கிதான், 1947 வரைக்கும். தனிக்குடித்தனம் போன பிள்ளை கேஸ் கனெக்‌ஷனை மட்டும் அப்பா பேரிலேயே வைத்திருந்த கதை.

கடனையும் பங்கு பிரிக்க வேண்டுமே? லியோ அமெரி தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, பர்மாவின் பங்கு ஏழரை சதவீதம் என்றது. எண்ணைப் பாருங்கள், ஏழரை! மயிலாப்பூர் ஜோசியர் ஒருவரை யாராவது கலந்திருந்தால் எட்டாக்கி இருப்பார். அந்தப் பாக்கி 1954 வரை இழுத்து, இந்தியா 9 லட்சம் டன் பர்மா அரிசி வாங்கும் ஒப்பந்தத்தோடு சேர்த்துத்தான் பைசல் ஆனது.

அரிசி என்றதும் நம் மிராசுதார்கள் ஞாபகம் வருகிறது. மந்தக் காலத்தில் மலிவான பர்மா அரிசி வந்து குவிகிறது, நிறுத்துங்கள் என்று மாகாணம் முழுக்கக் கூப்பாடு. சயாம் நொய் அரிசிக்கு 1935இல் வரி போட முடிந்தது. பர்மா அரிசிக்கு எப்படிப் போடுவது? அது உள்நாட்டுச் சரக்காயிற்றே! 1937இல் பர்மா வெளிநாடானதும் நிலக்காரர்கள் காதில் தேன் பாய்ந்திருக்கும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசமானது. அதோடு பர்மா அரிசி மொத்தமாக நின்றது. கேட்ட வரம் கிடைத்தது, கூடவே ரேஷன் கார்டும் கிடைத்தது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பர்மா அரிசி வராமல் போனது அவற்றில் ஒன்று. அந்தப் பஞ்சத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

ரங்கூன் விழுவதற்குச் சற்று முன்னால் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியர்கள் இஷ்டத்துக்கு வந்து இறங்குகிறார்களே, கட்டுப்படுத்த வேண்டாமா என்று பாக்ஸ்டர் என்ற அதிகாரி கணக்கெடுத்து ரிப்போர்ட் எழுதினார். 1941 ஜூலையில் குடியேற்ற ஒப்பந்தம் தயார். பாஸ்போர்ட், பெர்மிட், கட்டணம் என்று பக்கம் பக்கமாக ஷரத்துகள். காந்தி உட்படப் பலர் எதிர்த்தார்கள். அது முழுசாக அமலுக்கு வருவதற்குள் டிசம்பரில் ஜப்பான் ராணுவம் உள்ளே நுழைந்தது. பாஸ்போர்ட்டோ பெர்மிட்டோ அவர்கள் எடுத்து வரவில்லை.

லட்சக்கணக்கானோர் மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். நம்பிக்கை என்பது அப்படி ஒரு வியாதி. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை தேசியமயமாக்கினார், மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார். இவரே 1987இல் இன்னும் சில நோட்டுகளை ஒழித்துவிட்டு 45, 90 கியாட் நோட்டு அடித்தவர். ஒன்பது அவருக்கு ராசி எண்ணாம்! ஏழரையில் ஆரம்பித்த கணக்கு ஒன்பதில் வந்து நின்றது. போருக்கு முன் உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாட்டை, அந்தப் பட்டியலில் தேடும்படி செய்துவிட்டார்.

கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். முதல் பயணி ராஜா, கடைசியில் வந்தவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். எண்ணூரில் பர்மா நகர், அன்னை சிவகாமி நகர் என்று குடியிருப்புகள் முளைத்தன. மண் ஒட்டாத சிலர் மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பி, மணிப்பூர் எல்லையில் மறிக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டிவிட்டார்கள். தமிழனை எல்லையில் நிறுத்தினால் எல்லையில் ஒரு அம்மன் கோயில் வரும்.

சென்னையிலேயே தங்கியவர்களுக்கு 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். நாட்டில் வரிச்சுவர் வானம் தொட்ட காலம் அது. வெளிநாடு போய்வந்த ‘குருவிகள்’ கொண்டுவந்த டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் அங்கேதான் கிடைக்கும். பெரிய பெரிய ஆபீசர்கள் அங்கே வந்து பேரம் பேசினார்கள். வரியில்லாத சந்தை உடைந்ததால் தெருவுக்கு வந்தவர்கள், வரிபோட்ட சந்தையின் சந்தில் பிழைத்தார்கள். 1991இல் தாராளமயம் வந்து சுவர் இறங்கியது. ஃபாரின் சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்க, பஜாரின் மவுசு இறங்கியது. சுவர் எழுந்தபோதும் அடி, விழுந்தபோதும் அடி. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் பர்மா நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் சூடாகக் கிடைக்கும். அது மட்டும் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படவில்லை.

கடைசியில் என்ன ஆயிற்று? 2021இல் இந்தியா மியான்மரோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, ஐந்து வருஷத்துக்கு. பர்மா உளுந்து சென்னைத் துறைமுகத்தில் வரி இல்லாமல் வந்து இறங்குகிறது. 84 வருஷம் சுற்றி, சரக்கு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சரக்கு மட்டும்தான். சேரும்போதும் யாரும் கேட்காத, பிரியும்போதும் யாரும் கேட்காத ஜனங்களிடமிருந்துதான் அத்தனை தவணையும் வசூல் ஆகியிருக்கிறது. பிரித்தவர்கள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை. பர்மா நகரில் இட்லிக்கு ஊறவைக்கிற உளுந்து விசா இல்லாமல் வருகிறது. அதே மண்ணில் பிறந்து வந்து அதை ஆட்டுகிற பாட்டிக்குத்தான், ஒரு தடவை போய்ப் பார்த்து வர விசா வேண்டும்!